பதினேழு வயதுப் பிள்ளைகளின் வாரச் செலவு: சிண்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் (சிண்டா) தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு மாதமும் என் சம்பளச் சீட்டில், மத்திய சேமநிதிக் கழிவுக்குக் கீழே, சிண்டா நிதி என்ற வரியில் 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடித்தம் ஆகிறது. 2,500 வெள்ளிக்கு மேல் 4,500 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் இந்தியர்களுக்கு 2015-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் தொகை அது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வழி இருந்தும் நான் ஒருநாளும் விலக நினைத்ததில்லை. 1980-களில் நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதைக் கண்டு கவலைப்பட்டவர்கள் கூடிப் பேசி, அதன் விளைவாக 1991-இல் சிண்டா பிறந்த காலத்தில் நான் வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பிடித்தம் எனக்கு ஒருபோதும் பாரமாக இருந்ததில்லை. இந்த மடலையும் கணக்குக் கேட்பதற்காக எழுதவில்லை. அந்த நிதியிலிருந்து ஒரு பகுதியை, இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு வயதினருக்கு, இப்போது கொடுப்பதைவிட வேறு விதமாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

உயர்நிலைப் பள்ளியை முடித்து, தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வேறொரு பயிற்சியிலோ சேர்ந்திருக்கும் பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் மின்னியல் பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு மேசை போட்டு, உதவிநிதிப் படிவங்களை நிரப்ப வழி தெரியாத குடும்பங்களுக்கு உதவி செய்து வருகிறேன். இங்கே நான் எழுதுவதெல்லாம் அந்த மேசையில் கண்டவையும், ஒரு காலத்தில் நானே பட்டவையும்தான்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் துப்புரவாளர், இரண்டு இடங்களில் வேலை. மகனுக்குப் பதினேழு வயது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்னியல் தொடர்பான நைடெக் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. தாயின் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, வாடகை வீட்டு ரசீது, விவாகரத்துக்கு மனுப் போட்ட தாள், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று: வீட்டைவிட்டுப் போய்விட்ட கணவரின் வருமான விவரமும் ஒப்புதலும். ஓர் அலுவலகத்தில் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். விளக்கக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பையனிடம் கட்டணத்தைப் பற்றிக் கேட்டபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஃபீஸ் பிரச்சினை இல்ல அங்கிள். ஃபீஸ அவங்களே கழிச்சுக்குவாங்க. டெய்லி போறதுதான் பிரச்சினை.”

நாள்தோறும் போவதில் என்ன செலவு என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். பேருந்து, ரயில் 7 வெள்ளி. மதியச் சாப்பாடு 22 வெள்ளி. கைப்பேசி 4 வெள்ளி. நகல் எடுக்க 1 வெள்ளி. வாரத்துக்கு மொத்தம் 34 வெள்ளி. சாப்பாட்டுக்கு 22 வெள்ளி என்று எழுதியவன், கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அடித்து 12 என்று மாற்றினான். ஏன் என்று கேட்டதற்கு, சோறும் ஒரு காய்கறியும் வாங்கி மேலே குழம்பு மட்டும் ஊற்றச் சொன்னால் குறைவாக முடியும் என்றான். நான் அதை மறுபடியும் 22 என்றே திருத்தி எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவன் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஒரு கிடங்கில் பொருள்களை அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முதலில் திங்கட்கிழமைக் காலை வகுப்பு போனது. பிறகு கிடங்கில் வார நாள்களிலும் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் தங்கைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது, மின்கட்டணம் பாக்கி இருந்தது. பெரிய சம்பவம் எதுவும் நடக்கவில்லை. ஜூன் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்புக்குப் போனான். ஜூலையில் போகவே இல்லை. உதவிநிதிக்கான ஒப்புதல் வந்து சேர்ந்தபோது அவன் மாணவனாக இல்லை. ஒப்புதல் வந்த செய்தியை அந்தத் தாய் என்னிடம் தொலைபேசியில் சொல்லி, நன்றியும் சொன்னார். அந்த நன்றியை எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கமும் சிண்டாவும் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். சிங்கப்பூரில் கட்டணத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோவது இன்று அரிது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அறிவிக்கப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு, மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பட்டயக் கல்விக் கட்டணத்தில் 95 விழுக்காடு வரை உதவிநிதியே ஈடுகட்டுகிறது. எடுசேவ் என்ற பள்ளிக்காலக் கல்விக் கணக்கில் மீதமிருந்த பணம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறி, கட்டணத்துக்குக் கைகொடுக்கிறது. கல்வியமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கான வருமான வரம்பு 2025 முதல் குடும்பத்துக்கு 4,000 வெள்ளி அல்லது ஒருவருக்கு 1,000 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் பெரிய காரியங்கள்.

ஆனால் அந்த நிதியுதவித் திட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பாடநூல், சீருடை, போக்குவரத்து உதவி, இவற்றோடு பள்ளி நாள்களில் வாரத்துக்கு 10 வேளை உணவு. அந்த உணவு அவன் கேட்காமலே அவன் அட்டையில் வந்துவிடுகிறது. பதினாறு வயதில் பள்ளிச் சீருடையைக் கழற்றும் நாளில் அந்தத் திட்டம் அவனைப் பின்தொடர்ந்து வருவதில்லை. கல்லூரிகளில் வேறு ஏற்பாடுகள் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்து, கூச்சத்தை விட்டுத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். பசி கூடும் வயது அது. வீட்டில் ‘நீயும் ஏதாவது கொண்டுவா’ என்று வாய்விட்டோ விடாமலோ கேட்கத் தொடங்கும் வயதும் அதுதான். அந்த வயதில்தான், நாள்தோறும் தானாக வந்த உதவி நின்று, ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பெறும் உதவியாக மாறுகிறது. உதவிநிதி முதலில் கட்டணத்தில் கழிக்கப்பட்டு, மீதி இருந்தால் வங்கிக் கணக்கில் விழுகிறது. அது விழும் நாளில் வீட்டில் இருக்கும் பாக்கிகளெல்லாம் ஒன்றாகக் கண்விழிக்கின்றன. மாதக் கடைசியில் அந்தப் பணம் இருக்காது. அதற்கு அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது. மொத்தமாக வரும் பணம் மொத்தமான கடனுக்குத்தான் போகும்.

சட்டமும் இந்த வயதில் கையை எடுத்துவிடுகிறது. 2003-இல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் வகுப்புக்குப் போகாவிட்டால் அவனைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆண்பிள்ளையாக இருந்தால், படிப்பை விட்டவுடன், தேசிய சேவை என்ற கட்டாயப் பணிக்குப் படிப்புக்காகக் கிடைத்த ஒத்திவைப்பும் போய்விடும். தேசிய சேவைக்கான அழைப்பு வரும். சேவை முடிந்து வரும்போது இருபது, இருபத்தொன்று ஆகியிருக்கும். அந்த வயதில் மறுபடியும் முதலாம் ஆண்டு வகுப்பில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்காருவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் எனக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1985-இல் நானும் பதினேழு வயதில் ஒரு தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டேன். அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தவர், நோயில் விழுந்தார். பயிற்சிக்கு நான் பெரிதாகப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் போகவர வேண்டும், சாப்பிட வேண்டும், அம்மா கேட்கும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாமா ஒருவர் வேலைக்கு அழைத்துப் போனார், நான் போனேன். பாதியில் விட்ட அந்தச் சான்றிதழை மாலை வகுப்புகளில் படித்து நான் வாங்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளும் அதே வேலையை, சான்றிதழ் இருந்தவரைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் செய்தேன். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ‘நாங்களெல்லாம் வேலை செய்துதான் படித்தோம்’ என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது தேவையில்லாமல் கழிந்த காலம்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். குறைந்த வருமானக் குடும்பத்தைச் சேர்ந்த, உயர்நிலைக்குப் பிந்திய கல்வியிலோ முழுநேரப் பயிற்சியிலோ இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, பாடம் நடக்கும் ஒவ்வொரு வாரமும் 40 வெள்ளி, அந்தப் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில், வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருந்தால் தானாக வந்து விழும்படி ஓர் உதவித்தொகையைச் சிண்டா தொடங்க வேண்டும். இப்போது இருக்கும் உதவிநிதிகளுக்கு மேலாக அது இருக்க வேண்டும். முதல் தவணை, சேர்ந்த முதல் வாரத்திலேயே கிடைக்க வேண்டும்.

40 வெள்ளி என்பதை எங்கிருந்தும் பிடித்து வரவில்லை. அந்தப் பையன் எழுதிய 34 வெள்ளியோடு, வேலைப் பட்டறைக்கான காலணியும் கருவியும் எப்போதாவது வாங்க வேண்டியிருக்கும் என்பதற்காக 6 வெள்ளி சேர்த்தேன். சமையற்கலை படிக்கும் பிள்ளைக்கு அது வெள்ளைச் சட்டையாக இருக்கும். முடி திருத்தும் கலை படிக்கும் பிள்ளைக்குக் கத்தரிக்கோலாக இருக்கும். ஆண்டுக்கு 40 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு 1,600 வெள்ளி. என்னைப் போல மாதம் 7 வெள்ளி கொடுப்பவர் ஆண்டுக்கு 84 வெள்ளி கொடுக்கிறார். பத்தொன்பது பேரின் ஓராண்டுப் பணத்தோடு இன்னும் 4 வெள்ளி சேர்ந்தால் ஒரு பிள்ளை ஓராண்டு படிக்கப் போய்வரலாம். முதலில் 200 பிள்ளைகளோடு இரண்டு ஆண்டு முன்னோட்டமாகத் தொடங்கினால் ஆண்டுக்கு 320,000 வெள்ளி ஆகும். அது சிறிய தொகை அல்ல என்று எனக்குத் தெரியும். தீபாவளியை ஒட்டி நடக்கும் ‘புரொஜெக்ட் கிவ்’ நிதித் திரட்டில் இதற்கென்று ஒரு தனிப் பெட்டி வையுங்கள். ‘பத்தொன்பது பேர் சேர்ந்து ஒரு பிள்ளை’ என்று கேட்டால், நான் வேலை செய்யும் இடத்திலேயே அந்தப் பத்தொன்பது பேரைச் சேர்த்துத் தருகிறேன். 1950-களில் தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் போய்ச் சேர முடியும் என்று கனவிலும் நினைக்காத ஒரு பல்கலைக்கழகத்துக்கே அவர்கள் கொடுத்தார்கள். பக்கத்துப் புளோக்கில் இருக்கும் பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு நம்மவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

வருகையோடு பணத்தைச் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் 1999-இல் சில வட்டாரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2004-இல் நாடு முழுவதும் விரிந்த ஒரு திட்டம் இருந்தது. பதினாறு வயதுக்குப் பிறகும் படிப்பில் தொடரும் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாரத்துக்கு 10, 20 அல்லது 30 பவுண்டு கொடுத்தார்கள். பணம் பிள்ளையின் கணக்குக்கே போனது; காரணம் இல்லாமல் வகுப்புக்குப் போகாத வாரத்தில் வரவில்லை. முன்னோட்டத்தை ஆராய்ந்த லண்டன் நிதி ஆய்வுக் கழகம், தகுதி பெற்ற பதினாறு வயதினரில் படிப்பில் தொடர்ந்தவர்கள் 65 விழுக்காட்டிலிருந்து 69 விழுக்காடாகவும், பதினேழு வயதினரில் 54-இலிருந்து 61 விழுக்காடாகவும் உயர்ந்ததாகக் கண்டது. இதில் எதிர்த்தரப்பு வாதமும் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பணம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அது இல்லாவிட்டாலும் படித்திருப்பார்கள் என்று சொல்லித்தான் இங்கிலாந்து 2011-இல் அதை நிறுத்திவிட்டு, கல்லூரிகள் வழியே கொடுக்கும் ஒரு சிறிய நிதியாக மாற்றியது. ஸ்காட்லாந்தும் வேல்சும் வட அயர்லாந்தும் நிறுத்தவில்லை. வேல்ஸ் 2023-இல் வாரத்துக்கு 30 பவுண்டாக இருந்ததை 40 ஆக உயர்த்தியது.

எதிர்த்தரப்பு வாதத்தைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். பணம் இல்லாவிட்டாலும் படித்திருக்கும் பிள்ளைக்குக் கொடுத்த பணம் வீண் என்பது அதன் உட்பொருள். ஆனால் அந்தப் பிள்ளை எப்படிப் படித்திருக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை. என் மேசைக்கு வரும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பாலர் கல்வி படிக்கிறாள். அவள் படிப்பை விடவில்லை, விடவும் மாட்டாள். மதிய இடைவேளையில் தோழிகள் உணவகத்துக்குப் போகும்போது, ஒப்படைப்பு முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். கூடவே ஒரு போத்தல் தண்ணீர். தேசிய சேவையை முடித்த அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் குடும்ப வருமானம் கணக்கில் கூடிவிட்டது. அவளுக்குக் கிடைத்த உதவிநிதி ஒரு படி இறங்கிவிட்டது. அண்ணனின் சம்பளமோ அப்பா வைத்துவிட்டுப் போன கடனுக்குப் போகிறது. புள்ளிவிவரத்தில் அவள் ‘எப்படியும் படித்திருப்பவள்’. அவளுக்கு வாரம் 40 வெள்ளி கொடுப்பது வீண் என்று அவள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம் நாட்டிலேயே இந்த வழிமுறை வேறொரு வயதினருக்குப் பயன்படுகிறது. காம்லிங்க் பிளஸ் என்ற அரசாங்கத் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்கள் மூன்று வயதாகும் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் 500 வெள்ளியும், ஒழுங்காக அனுப்பி வந்தால் காலாண்டுக்கு 200 வெள்ளியும் சேர்க்கப்படுகிறது. வருகைக்குப் பணம் கொடுப்பது குடும்பத்தின் தன்மானத்தைக் குலைக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அத்திட்டத்தின் மற்றத் தொகுப்புகள் வேலை, கடன், சொந்த வீடு ஆகியவற்றுக்கானவை. நான்கு வயதுக் குழந்தை வகுப்புக்குப் போவதற்கு ஒரு தொகுப்பு இருக்கிறது. பதினேழு வயதில் வகுப்பைவிட்டு நழுவிக்கொண்டிருக்கும் அதன் அண்ணனுக்கு இல்லை. மறுமுனையிலும் உதவி காத்திருக்கிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில்நுட்பக் கல்விக் கழகப் பட்டதாரிகளுக்கான விருதின்படி, முப்பது வயதுக்குள் பட்டயப் படிப்பில் சேர்பவருக்குக் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், அதை முடித்தவருக்குச் சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளியும் கிடைக்கின்றன. நல்ல திட்டம்; நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அது நைடெக்கை முடித்தவர்களுக்கான படி. ஜூலை மாதத்தில் நின்றுவிட்ட பையன் அந்தப் படியின் அருகிலேயே போகவில்லை. இரண்டு கணக்குகளிலும் இருக்கும் பணத்தை எடுத்து ஒருவேளைச் சோறு வாங்கவும் முடியாது.

சிண்டாவிடம் நான் இதைக் கேட்பதற்குக் காரணம், அரசாங்கம் செய்வதைவிடச் சிண்டா சிறியதாக, விரைவாகத் தொடங்க முடியும் என்பதுதான். பிள்ளைகள் பலரைச் சிண்டாவுக்கு ஏற்கெனவே தெரியும். துணைப்பாட வகுப்புகளில் அவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆண்டிறுதியில் பள்ளிப் பையும் பொருள்களும் வாங்க அம்மாவோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். அதே பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போது மறுபடியும் முதலிலிருந்து எல்லாத் தாள்களையும் கேட்க வேண்டியதில்லை. உயர்நிலை நான்கிலோ ஐந்திலோ நிதியுதவித் திட்டத்தில் இருந்தவன் என்றால், அடுத்த ஓராண்டுக்கு அதையே தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற விவரங்களைப் பிறகு நிதானமாகச் சரிபாருங்கள். காணாமல்போன தந்தையின் ஒப்புதலுக்காக ஒரு பிள்ளை நான்கு மாதம் காத்திருக்கும் நிலை இந்த உதவித்தொகையில் வரக் கூடாது. சமூகப் பணியாளரோ வகுப்பு ஆசிரியரோ எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பெற்றோரிடம் கொடுப்பதுதானே முறை என்று உங்களில் சிலர் கேட்கலாம். என் மேசையிலேயே ஒரு தந்தை அப்படிக் கேட்டார்: ‘சின்னப் பையன் கையில காசு கொடுத்தா கெட்டுப்போயிடுவான்.’ அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாரத்துக்கு 40 வெள்ளியில் கெட்டுப்போக முடியாது; நாள் ஒன்றுக்கு 8 வெள்ளிதான் அது. பெற்றோரின் கணக்குக்குப் போனால், எவ்வளவு நல்ல பெற்றோராக இருந்தாலும், அது அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடும். பிள்ளையும் கேட்கக் கூசும். தன் கணக்கில், தான் போன வகுப்புக்காக, தன் பெயரில் வரும் பணம் ஒரு பிள்ளைக்கு வேறு எதையோ சொல்கிறது. கிடங்கில் அந்தப் பையனுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அதுதான்: வெள்ளிக்கிழமை தோறும் பணம் வந்தது, அது அவன் உழைப்புக்கு வந்தது. படிப்பதும் உழைப்புதான் என்று அவனுக்குச் சொல்ல நமக்கு இருக்கும் வழிகளில் இது ஒன்று.

பகுதிநேர வேலையே கூடாது என்பது என் கருத்து அல்ல. வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் ஒரு கடையில் நிற்பது பிள்ளைக்கு நல்லதே செய்யும். முப்பது மணி நேரம் நின்றால் படிப்பு போய்விடும். 40 வெள்ளி அந்த முப்பதைப் பத்தாக்காது. ஆனால் ஓர் இரவு வேலையை வேண்டாம் என்று சொல்லும் தெம்பைக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையைத்தான் அவன் விட்டிருக்க வேண்டும். அதை விட்டிருந்தால் திங்கட்கிழமைக் காலை வகுப்பில் இருந்திருப்பான்.

வருகை நிபந்தனையை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு வாரம் வராவிட்டால் பணத்தை நிறுத்திவிட்டு மௌனமாக இருந்தால், அது தண்டனையாகிவிடும். தடுமாறிக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்னும் தள்ளிவிடும். பணம் நிற்பதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும், அந்தப் பிள்ளைக்கு முகம் தெரிந்த ஒருவரிடமிருந்து. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதால் வரவில்லை என்றால் பணம் வரட்டும். காரணம் சொல்ல விரும்பவில்லை என்றால், யாராவது ஒருவர் அந்த வாரத்திலேயே அவனைப் போய்ப் பார்க்கட்டும். நான் பார்த்த வரையில், படிப்பை விடுகிற பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. முதல் திங்கட்கிழமைக்கும் கடைசி நாளுக்கும் இடையில் எட்டு, பத்து வாரம் இருக்கும். அந்த எட்டு வாரத்தில் யாரும் அழைப்பதில்லை. வாரந்தோறும் பணம் கொடுக்கும் ஓர் அமைப்புக்கு, வாரந்தோறும் யார் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும். 40 வெள்ளியைவிட அந்தத் தகவல் பெரியது என்று சில நேரம் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேலைக்குத் தொண்டூழியர்கள் தேவைப்படுவார்கள். என்னைப் போலத் தொழில் தெரிந்த, பட்டம் இல்லாத, ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்: மின்னியல், குளிர்சாதனம், வெல்டிங், சமையல், தாதிமை. துணைப்பாடம் சொல்லிக் கொடுக்க எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கும் கணக்கும் அறிவியலும் சொல்லித்தரத் தெரியாது. ஆனால் நைடெக் படிக்கும் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து, ‘என்ன தம்பி, இன்னிக்கு ஏன் போகல?’ என்று கேட்கவும், அவன் சொல்லும் பதில் உண்மையா என்று கண்டுகொள்ளவும் எங்களால் முடியும்.

அந்தப் பையனுக்கு இப்போது பதினெட்டு. கிடங்கில்தான் இருக்கிறான், தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போய் வந்துவிட்டான். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, பழுதான மின்விசிறியைக் கழற்றி, மின்தேக்கியை மாற்றி, ஓடவிட்டுக் காட்டினான். இரண்டரை மாதம் ஒழுங்காகப் போன படிப்பில் கற்றதை அவன் மறக்கவில்லை. திரும்பச் சேர முடியுமா அங்கிள் என்று கேட்டான். சேவை முடிந்ததும் சேரலாம், நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சேர்க்கை ஜனவரியில் தொடங்குகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஏப்ரலில். முன்னோட்டத்தை அதற்குள் தொடங்க முடியுமா, முடியாதென்றால் எது தடையாக இருக்கிறது என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பியட்டி ரோட்டில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு எந்த நாள் மாலையிலும் வரத் தயாராக இருக்கிறேன். வரும்போது அந்த 34 வெள்ளித் தாளையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மாதம் 7 வெள்ளி செலுத்தும் ஒரு மின்னியல் பணியாளர்